‘முரட்டு சிங்கிள்’ என்ற முகமூடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஆண்மை, பெண்மை என்னும் பழைய அச்சுகளை மீம்கள் உடைக்கின்றனவா, இறுக்குகின்றனவா?’ என்ற கேள்விக்கு, இறுக்குகின்றன என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகான வாதம் ஒன்றை வைத்தார். அடிவாங்கி, அவமானப்பட்டுக் கலங்கி நிற்கும் வடிவேலுவின் முகத்தைத் தமிழ் இளைஞர்கள் தங்கள் முகமாக ஏற்றுக்கொண்டபோதே, ‘ஆண்பிள்ளை அழக்கூடாது’ என்ற கட்டளை உடைந்துவிட்டது என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், பார்ப்பவர் சிரித்தாக வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்த முகம் ஓர் ஆணைத் தன் வருத்தத்தைச் சொல்ல விடுகிறது.

‘முரட்டு சிங்கிள்’ என்ற சொல்லையே பாருங்கள். துணை அமையாத தனிமைக்கு ‘முரட்டு’ என்ற அடைமொழி எதற்கு? வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட ஆண் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் தம்பிக்கு 33 வயது. பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டிலிருந்து ‘சரிப்பட்டு வராது’ என்று பதில் வந்த மாலையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் அனுப்பியது ஒரு முரட்டு சிங்கிள் மீம். நாங்கள் எல்லோரும் சிரிப்பு எமோஜியைப் பதிலாகப் போட்டோம். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை என்பதை மறுநாள் அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

இது ஆணுக்கு நேர்வது. பெண்ணுக்கு நேர்வது இதைவிடக் கொடியது. கல்யாணம் ஆகாத 90ஸ் கிட்ஸ் பற்றிய மீம்களில், அவன் தவிப்புக்குக் காரணமாக மீண்டும் மீண்டும் காட்டப்படுபவள், சொந்த வீடும் ஐ.டி. வேலையும் லட்ச ரூபாய்ச் சம்பளமும் கேட்கும் பெண்தான். ஒரே படம் ஆயிரம் கைகள் மாறும்போது, பெண் என்றால் பேரம் பேசுபவள், ஆண் என்றால் ஏமாந்தவன் என்ற இரண்டு அச்சுகள் பள்ளிப் பிள்ளைகளின் மனதிலும் பதிந்துவிடுகின்றன.

‘மீம் வெறும் கண்ணாடி, சமூகத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறது’ என்றும் எதிரணியில் சொன்னார்கள். அப்படியானால் அந்தத் தொண்ணூறுகளையும் அது காட்டட்டும். உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலை 1980களிலேயே நாடறிந்த செய்தியாகிவிட்டது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது, பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்ச வேண்டியிருந்ததால்தான். கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகளும், சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளும் மட்டுமே இருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தொண்ணூறுகளில் பிறந்தவர்கள், நடுவர் அவர்களே.

மணமகள் கிடைக்காததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சொந்தச் சாதிக்குள்ளேயே, அதிலும் ஜாதகம் பொருந்தினால்தான் பெண் எடுப்போம் என்ற பிடிவாதமும் சேர்ந்துதான் வாசலைக் குறுக்குகிறது. ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட, உயிரோடு எஞ்சி, படித்து, வேலைக்குப் போய், தனக்கு ஏற்றவனா என்று கேட்கும் பெண் உண்டாக்கவில்லை. பழி மட்டும் அவள் மேல் விழுகிறது.

அரசுத் தொட்டிலைக் காட்டிய ஒரு 90ஸ் கிட்ஸ் மீமை நான் இதுவரை பார்த்ததில்லை. எதிரணியில் எவரேனும் பார்த்திருந்தால், அடுத்துப் பேச வருபவர் இந்த மேடையிலேயே காட்டட்டும். நன்றி, வணக்கம்.