மலக்குடல் புற்றுநோய் திரும்பி வந்தால் யாருக்கு மறு ஆபரேஷன்? சர்ஜன் முதலில் பார்ப்பது கட்டியின் அளவை அல்ல!

மலக்குடல், சிறுநீர்ப்பை, பெண்ணாக இருந்தால் கருப்பை, பின்னால் எலும்பில் ஒரு துண்டு. இத்தனையையும் ஒரே ஆபரேஷனில் எடுக்க வேண்டி வரலாம். 1948-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் என்ற சர்ஜன், முற்றிய இடுப்புப் புற்றுநோய்க்கு இப்படிச் செய்த 22 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 5 பேர் ஆபரேஷனாலேயே இறந்துபோனார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் யாரை அந்த மேசையில் படுக்க வைப்பது என்பதுதான் இன்னமும் பெரிய தலைவலி.

வணக்கம். பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1980-களில் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கிழியாமல் முழுசாக எடுக்கும் முறையைப் பரப்பினார். கதிர்வீச்சும் கூடச் சேர்ந்தது. அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர, நிற்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோரைப்புல் பிடுங்கியிருக்கிறீர்களா? மேலே இருக்கிற புல் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. திரும்பி வந்த கட்டியும் இந்த ரகம்தான். ஓரத்தில் ஒரு செல்கூட மிஞ்சாமல் எடுத்தால், பல வருடம் வாழும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவு கட்டியை உள்ளே விட்டுவிட்டால், அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தும் ஆயுளில் பெரிய லாபம் கிடைப்பதில்லை. ஆகவே "வெட்ட முடியுமா?" என்பதல்ல கேள்வி. "மிச்சம் வைக்காமல் வெட்ட முடியுமா?" என்பதுதான்.

அதற்கான விடை, கட்டி எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில் இடுப்பு எலும்பின் படம்)

பழைய தையல் இருந்த நடுப்பகுதியில் வந்தால் வாய்ப்பு நல்லது. முன்பக்கம் என்றால் சிறுநீர்ப்பை போகலாம், சிறுநீர் வடிய வயிற்றில் ஒரு பை கூடும், ஆனால் முடியும். பின்பக்கம் என்றால் சேக்ரம், அதாவது முதுகெலும்பின் அடியில் இருக்கும் எலும்பு. ஐந்து துண்டுகள் ஒட்டியது. கீழ்த்துண்டுகளை வெட்டி எடுத்தாலும் ஆள் நடப்பார். மேலே முதல் இரண்டு துண்டுகளுக்குப் போகப் போக, உடல் பாரத்தைத் தாங்கும் எலும்பும் முக்கிய நரம்புகளும் வந்துவிடும். பல சர்ஜன்கள் அங்கே பின்வாங்கிவிடுவார்கள்.

ரொம்பக் கஷ்டமானது இடுப்பின் பக்கச்சுவர். ரத்தக் குழாய்கள், சிறுநீர்க் குழாய், காலுக்குப் போகும் சையாட்டிக் நரம்பு, எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நோயாளி "டாக்டர், வலி பின்தொடையிலிருந்து கால்வரை இறங்குது" என்றால் ஸ்கேனுக்கு முன்பே டாக்டரின் முகம் மாறும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அப்படித்தான். ஆனால் சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த நரம்பையே கட்டியோடு சேர்த்து எடுக்கிறார்கள். பாதம் தொங்கிப்போகும். அதற்கு ஒரு பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்! ஒரு ஊரில் "முடியாது" என்ற கட்டி இன்னொரு ஊரில் "பார்க்கலாம்" ஆவது இதனால்தான். இந்த வேலையை அடிக்கடி செய்கிற மையத்தில் இரண்டாவது கருத்து கேட்காமல் யாரும் கதவை மூட வேண்டாம். இது என் அழுத்தமான கருத்து. இந்த வீடியோவை ஒருவருக்காவது அனுப்புங்கள்.

மற்றவை வேகமாக. எம்.ஆர்.ஐ. கட்டியின் எல்லையைக் காட்டும். பெட் ஸ்கேன் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று தேடும். பழைய ஆபரேஷன் தழும்பும் படத்தில் கட்டி மாதிரியே ஏமாற்றும் என்பதால், முடிந்தால் பயாப்ஸி, அதாவது சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது. கல்லீரலில் ஒன்றிரண்டு புள்ளி இருந்தாலே "இல்லை" என்ற காலம் போய்விட்டது. எடுக்கக்கூடியதா என்று பார்ப்பார்கள். வயிறு முழுக்கப் பரவியிருந்தால் பொதுவாக ஆபரேஷன் கிடையாது.

உடல் தாங்குமா? சில இடங்களில் முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கச் சொல்லி, இதயமும் நுரையீரலும் எவ்வளவு இழுக்கின்றன என்று அளப்பார்கள். ஊர் போய்ச் சேராத சைக்கிள்!

கொஞ்ச காலம் கீமோ கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்பதும் உண்டு. அதற்குள்ளேயே புதிய இடங்களில் நோய் தலைகாட்டினால், கத்தியால் தடுத்திருக்க முடியாத நோய் அது என்று புரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும், மலத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று என இரண்டு பைகளோடும் மாதக்கணக்கில் ஆறும் புண்ணோடும் வாழ விருப்பமில்லை என்று நோயாளியே மறுக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த இரண்டு பை வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அடுத்த வீடியோவில் பார்ப்போம். உங்கள் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். ரிப்போர்ட் போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள், அதைப் பார்க்க வேண்டியவர் உங்கள் டாக்டர்.