ஜவுளிக்கடைக்குப் போய் வந்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நடுவர் கையில் மணி இருக்கிறது, அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

வங்கிக் கொள்ளை, போலீஸ் துப்பாக்கிச் சூடு பற்றிய உண்மைக் கதைப் புத்தகங்களுக்கு முக்கியம் துல்லியமா, சுவையா? நான் துல்லியம். எனக்கு முன்னால் பேசிய நண்பர் சுவை. அவர் பேச்சும் சுவையாகத்தான் இருந்தது, துல்லியம்தான் இல்லை.

எடுத்த எடுப்பிலேயே என்ன சொன்னார்? அமெரிக்கக் கொள்ளைக்காரன் வில்லி சட்டனிடம், 'ஏனப்பா வங்கியைக் கொள்ளையடிக்கிறாய்?' என்று கேட்டார்களாம். 'அங்கேதானே பணம் இருக்கிறது' என்றானாம். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் 1976இல் வந்த தன் புத்தகத்தில், 'அதை நான் சொல்லவே இல்லை, யாரோ நிருபர் எழுதிக்கொண்டது' என்று சட்டனே மறுத்துவிட்டான். பாருங்கள், வாழ்நாளெல்லாம் திருடியவன், தன்னுடையது இல்லாத ஒரு வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்! எழுதுகிறவர்கள்தான் இன்னும் கொடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1934 ஜூலை 22, ஞாயிறு இரவு. சிகாகோவில் பயோகிராஃப் தியேட்டர். வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சர் படம் முடிந்து இரண்டு பெண்களோடு வெளியே வருகிறான். அதில் ஒருத்தி அன்னா சேஜ். ருமேனியாவிலிருந்து வந்தவள், நாடு கடத்தாமல் விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஆளைக் காட்டிக்கொடுத்தவள். வாசலில் மத்தியப் புலனாய்வு அதிகாரி மெல்வின் பர்விஸ் சுருட்டைப் பற்றவைக்கிறார், அதுதான் சைகை. சற்று நேரத்தில் டில்லிஞ்சர் சந்து முனையில் பிணம். அன்னா சேஜ் 'சிவப்பு உடைப் பெண்' ஆகிவிட்டாள். உண்மையில் அவள் உடுத்தியிருந்தது ஆரஞ்சுப் பாவாடை. தியேட்டர் வாசல் விளக்கில் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் அணித் தலைவர் இதைச் சொன்னதும் நண்பர் என்ன கேலி செய்தார்? 'செத்தவன் செத்தான். பாவாடை சிவப்பா ஆரஞ்சா என்று பார்க்கிறவருக்குப் புத்தகக் கடையில் என்ன வேலை? ஜவுளிக்கடைக்குப் போகட்டும்!'

போனேன் ஐயா! போய் வந்தவன்தான் பேசுகிறேன்.

மச்சினி கல்யாணத்துக்கு என் மனைவிக்குப் புடவை எடுக்கப் போனோம். கடைப் பையன் மலைபோலப் பிரித்துப் போட்டான். கடைசியில் ஒரு அரக்குச் சிவப்பு. மாமியார் 'அம்சமா இருக்கு' என்றார். நான் பர்ஸை எடுத்தேன். பர்ஸ் எடுத்த கையை மனைவி பிடித்தாள். 'இருங்க, வெளிச்சத்துல பார்த்துட்டு வரேன்.'

புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் மாமியார். அவர் பின்னால் கடைப் பையன், புடவை ஓடிவிடும் என்ற பயம். அவன் பின்னால் நான், பில் துரத்தி வரும் என்ற பயம். வாசலில் வெயில் பட்டதும் அரக்கைக் காணோம். செங்கல் நிறம்! உள்ளே வந்தால் மறுபடி அரக்கு. வெளியே போனால் செங்கல். உள்ளே அரக்கு, வெளியே செங்கல். நாலு தரம் ஊர்வலம். முதல் தரம் சல்யூட் அடித்த வாட்ச்மேன், நாலாவது தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுவர் அவர்களே, 2,000 ரூபாய்ப் புடவைக்கு என் மனைவி நாலு தரம் வாசலுக்குப் போனாள். ஒரு மனுஷனைச் சுட்டுக் கொன்ற இரவை எழுதுகிறவர் ஒரே ஒரு தரம் போகக் கூடாதா?

நிறம்தானே என்கிறார் நண்பர். நிறத்தோடு நின்றால் பரவாயில்லையே! அதே 1934, ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. டெக்சஸில் கிரேப்வைன் ஊருக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு கார். நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்கள் வீலரும் மர்ஃபியும் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். வந்திருந்தது போனி என்ற பெண்ணும் அவள் காதலன் கிளைடும் சேர்ந்த கொள்ளைக் கும்பல். இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். தூரத்திலிருந்து பார்த்த ஒரு விவசாயி, அந்தப் பெண்தான் சுட்டாள், சுட்டுவிட்டுச் சிரித்தாள் என்றார். பத்திரிகைகளுக்கு விருந்து. பின்னால் அந்தச் சாட்சியம் நிற்கவில்லை. போனி ஒன்றும் குத்துவிளக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே 23 அன்று லூசியானாவில் அவளும் கிளைடும் போலீஸ் குண்டுக்குச் செத்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் சாகவில்லை. சுவையாக இருந்ததே!

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒரு நிமிடம்.

அந்த மர்ஃபிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னும் சில நாள்தான் பாக்கி. அவருடைய இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண், கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த உடையை உடுத்திக்கொண்டு வந்தாள்.

போனியின் தொப்பி, கிளைடின் கார், எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்குகிறவர்கள் அந்த உடைக்கு ஒரு வரி தருவதற்கு யோசிக்கிறார்கள்.

நண்பரே, ஜவுளிக்கடை என்றீர்களே. அதையும் ஏதோ ஒரு கடையில்தான் எடுத்திருப்பாள். என் வீட்டுக்காரி மாதிரி வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருப்பாள். பின்னாலேயே அவள் அம்மாவும் போயிருப்பாள்.

இதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வணக்கம்.