வயிற்றில் குத்துக்காயம்: ஏன் உடனே ஆப்பரேஷன் செய்யாமல் படுக்க வைக்கிறார்கள்?

[காட்சி: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம், காலை 7 மணி. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. மோட்டார் சைக்கிளில் கட்டிய நீளக் கழி. நுனியில் உறை போடாத அரிவாள்.]

வணக்கம். குலை வெட்டும் இந்த அரிவாள், தலைக்கு மேலே இருக்கும் மட்டையை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். மழை பெய்த மேட்டில் மோட்டார் சறுக்கி, ஆள் இதன் மேலேயே விழுந்தால்?

நான் அறுவைச் சிகிச்சை வார்டில் மிஸி, அதாவது நர்ஸ். அப்படி விழுந்து வந்த ஓர் அண்ணனை இன்னும் மறக்கவில்லை. தொப்புளுக்கு வலப்பக்கம் காயம், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இரத்தம் நின்றிருந்தது. "ரெண்டு தையல் போட்டு விடுங்க மிஸி, லாரி வர்றதுக்குள்ள குலை ஏத்தணும்" என்றார்.

வயிற்றுக் காயம் இப்படித்தான் ஏமாற்றும். கத்தி எவ்வளவு ஆழம் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்பது தோலில் தெரியாது. வயிறு என்றால் தொப்புளைச் சுற்றி மட்டும் என்றும் நினைக்காதீர்கள். மூச்சை வெளியே விடும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிட்டத்தட்ட மார்க்காம்பு மட்டம் வரை மேலே ஏறும். ஆகவே விலாவில் குத்தினாலும், முதுகில் குத்தினாலும், பிட்டத்தில் குத்தினாலும் வயிற்றுக்குள் போயிருக்கலாம்.

[காட்சி: ஒருவர் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார், முழங்கால்கள் மடிந்திருக்கின்றன.]

தோட்டத்தில் நடந்தால் முதலில் 999. எந்தத் தோட்டம், எந்த பிளாக் என்று சொல்லி, பெரிய ரோட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள். செம்பனைக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும், ஆம்புலன்ஸ் தடுமாறும்.

குத்திய பொருள் உள்ளேயே இருந்தால், தயவுசெய்து பிடுங்காதீர்கள். கிழிந்த இரத்தக் குழாயை அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றித் துணி வைத்துக் கட்டுங்கள். அதை எடுக்கிற இடம் ஆப்பரேஷன் தியேட்டர். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்த சுத்தமான துணியால் மூடி, அது காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் போடுங்கள். முழங்காலை மடித்து வைத்தால் வயிற்றுத் தசை தளரும். தண்ணீர், மைலோ எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். தாகம் என்று கெஞ்சுவார். உதட்டை நனைத்து விடுங்கள், போதும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்ப்பது காயத்தையல்ல, ஆளை. நாடி வேகமா, கை கால் குளிர்ந்திருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு? வெயிலில் உழைத்து உரமேறிய உடம்பு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். சராசரி எடையுள்ள ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் இரத்தம் போன பிறகுதான் அழுத்தம் தெளிவாக விழும். நாடி அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். அழுத்தம் விழுந்திருந்தாலோ, வயிறு முழுக்கப் பலகை போல இறுகியிருந்தாலோ, ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராகத் தியேட்டர்தான். குடல் வெளியே வந்திருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். வழியிலேயே இரத்தம் ஏற்றுவார்கள், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் ஊசி போடுவார்கள். 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வு, அந்த மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் அந்தக் கணக்கு தோட்டத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆள் தெம்பாக இருந்தால்? குடும்பத்துக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த அண்ணனின் மனைவி என்னைக் கேட்டார்: "காலையிலருந்து சும்மா போட்டு வச்சிருக்கீங்க, ஒன்னும் செய்யல. ஏ.ஓ.ஆர். கையெழுத்து போட்டுக் கூட்டிட்டுப் போயிடவா?" டாக்டர் சொல்லை மீறி, சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போவதற்கான கையெழுத்து அது.

சும்மா போட்டு வைக்கவில்லை, அக்கா. ஒரு காலத்தில் வயிற்றில் குத்து என்றாலே திறந்து பார்ப்பார்கள். திறந்தால் பலருக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது. 1960-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஷாஃப்டன் என்ற அறுவை மருத்துவர், எல்லாரையும் வெட்ட வேண்டாம், யாருக்குத் தேவை என்று கவனித்து முடிவெடுப்போம் என்று எழுதினார். இன்று பல நாடுகளில் பின்பற்றும் வழி அது.

அல்ட்ராசவுண்ட் இரத்தத்தைக் காட்டும், குடலில் விழுந்த சின்ன ஓட்டையைக் காட்டாது. சி.டி. ஸ்கேன்கூட அதைத் தவறவிடலாம். அதனால்தான் சில மணிக்கு ஒருமுறை, முடிந்தால் அதே டாக்டர், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். காயத்தைவிட்டுத் தள்ளி வலிக்கிறதா, தசை இறுகுகிறதா, காய்ச்சல் ஏறுகிறதா என்று தேடுகிறார். குறைந்தது 24 மணி நேரம் இது நடக்கும். இடது கீழ் விலாவில் குத்தியிருந்தால் மட்டும் கேமரா விட்டுப் பார்ப்பதுண்டு. அங்கே உதரவிதானம் கிழிந்திருந்தால், வருடங்கள் கழித்துக்கூடக் குடல் நெஞ்சுக்குள் ஏறலாம்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. இரவு 11 மணிக்கு அண்ணனின் நாடி 88-லிருந்து 116-க்குப் போனது. நான் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காலையில் மெத்தென்று இருந்த வயிறு கல்லாகியிருந்தது. சிறுகுடலில் ஓர் ஓட்டை. தைத்து, கழுவி, மூடினார்கள்.

[காட்சி: டிஸ்சார்ஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் கை.]

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வாருங்கள், நள்ளிரவானாலும்.