கரை கடந்த பிறகுதான் கவனிக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். 2024ஆம் ஆண்டு நம் இரு பக்கக் கடல்களிலும் நான்கு புயல்கள் உருவாயின. மே மாதம் ரீமால், ஆகஸ்டில் அஸ்னா, அக்டோபரில் டானா, நவம்பர் கடைசியில் நம் ஃபெஞ்சல். புயல் என்றதும் நாம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே கரையைக் கடக்கும்?' கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

முதலில் டானாவைச் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் பிதர்கனிகா, தாம்ரா பக்கம் கரையேறும் என்று முன்கூட்டியே கணித்தார்கள், அங்கேயே ஏறியது. அதற்குள் லட்சக்கணக்கானவர்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். கணிப்பும் நிர்வாகமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி ஃபெஞ்சல். இலங்கைக் கரையோரமாக ஊர்ந்து ஊர்ந்து வந்தது. புயலாக வலுப்பெறாமல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்றுதான் ஒரு கட்டத்தில் எதிர்பார்த்தார்கள். 29ஆம் தேதி பிற்பகல் அது புயலாகிவிட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. 'அப்பாடா, கடந்துவிட்டது' என்று பலர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள்.

ஆனால் அது நகரவில்லை, நேயர்களே. புயல் தானாக நகர்வதில்லை. மேலே வீசும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அன்று தள்ளுவதற்குப் போதிய காற்று இல்லை. மறுநாள் முற்பகல் வரை புதுச்சேரியைச் சுற்றியே நின்றது. டிசம்பர் 1 காலை எட்டரை மணிக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51.

அடுத்த நாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரை, 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரை எங்கே இருக்கிறது? கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கடலுக்கும் அந்த ஊருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 50 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் இருபது லட்சம் லிட்டர் தண்ணீர். ஓராண்டில் அங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. கரையைக் கடந்து ஒரு நாள் கழிந்த பிறகு! சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் போயின. அந்தக் குழந்தைகளின் வீட்டுக்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு, சொல்லுங்கள்?

திரும்பவும் சொல்கிறேன்: கரையைக் கடந்தது என்பது காற்றுக்கான செய்தி. மழைக்கான செய்தி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மே மாத ரீமாலும் இப்படித்தான். வங்காளக் கரையில் ஏறியது. இரண்டு நாள் கழித்து, எங்கோ மிசோரமில் கல்குவாரி சரிந்தது. மலைச்சரிவுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: ஒரு நாள் முன்பாகச் சொல்லும் பாதையில் சராசரிப் பிழை இன்று நூறு கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. அது பெரிய சாதனை. எந்த வட்டத்தில், எந்த ஏரிக்கு மேலே, எவ்வளவு மழை கொட்டும் என்பதில்தான் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். நம் கேள்விகளும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

அஸ்னாவை விட்டுவிட்டேனே. அது தலைகீழாக நிலத்திலிருந்து கடலுக்குப் போனது. குஜராத்தின்மேல் தாழ்வு மண்டலமாக நின்று கொட்டித் தீர்த்துவிட்டு, அரபிக்கடலில் இறங்கிய பிறகுதான் புயலானது. அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வடோதரா வெள்ளத்தில் மிதந்துவிட்டது. நன்றி, வணக்கம்.