வகுப்பறையில் பேச்சு எழட்டும்

(மொரிஷியஸ், ரோஸ் ஹில்லில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், பாட்டியிடம் நாலு வார்த்தை தமிழ், செய்தித்தாளில் பிரெஞ்சு. பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். பள்ளி முடிவில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, ரெதுயிலுள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்த பிள்ளைகூட, வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது. அடிப்படையே தெரியவில்லை என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல பிள்ளைகளுக்கு விடை தெரியும். ஆங்கிலத்தில் தப்பாகச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது.

ஆசிரியர்களே, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று யார் எழுந்து சொல்வார்கள்? பலகையில் ஒரு குழாய் வரையுங்கள். படுக்கையாகக் கிடக்கிறது, நடுவில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுமா, குறையுமா? ஆளுக்கொரு விடை தாளில் எழுதட்டும். நிறையப் பேர் 'கூடும்' என்றே எழுதுவார்கள். இடுக்கில் நெருக்குப்படும் என்றுதானே மனம் சொல்லும்! உடனே திருத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிடுங்கள், கிரியோலிலேயே. "அதே தண்ணீர்தானே இதுக்குள்ளேயும் போகணும், அப்போ வேகம் கூடணும். வேகத்தைக் கூட்டுகிற விசை எங்கிருந்து வரும்? பின்னால் அழுத்தம் அதிகமாக இருந்தால்தானே?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், குறுகிய இடத்தில் அழுத்தம் குறையும் என்பது அவர்களுக்கே பிடிபடும். வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலியின் சமன்பாட்டை அப்புறம் எழுதுங்கள். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதி வாசிக்கட்டும். கையில் தாள் இருந்தால் பயம் பாதி போய்விடும்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான், மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டுப் பாடம் நடத்தினார். அங்கேயே தேவைப்பட்டது நமக்குத் தேவைப்படாதா?

இன்னொன்று, பொறுமை. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக 1 வினாடிதான் காத்திருக்கிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். 3 வினாடி பொறுத்தால் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கிரியோலில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள்.

பாடத்திட்டம் முடியாதே என்கிறீர்கள். சரி, புத்தகத்தில் உள்ள நிறுவலைப் பலகையில் வரிக்கு வரி எழுதுவதை விடுங்கள், நேரம் கிடைக்கும். பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பிள்ளைகள் மௌனத்துக்குப் பழகிவிட்டால் அப்புறம் பேசவைப்பது கடினம்.