ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறும்போது வயிறு சுருக்கென்கிறதா? இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்!

வணக்கம் மக்களே! வயிறு வலிக்கிறது என்று யாராவது சொன்னால், நம் வீட்டில் முதலில் வரும் தீர்ப்பு: "கேஸ்தான், ஒரு சோடா குடி." பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அப்படி இல்லாத நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? ரோட்டில் கிடக்கும் வேகத்தடை துப்புக் கொடுக்குமா என்று டாக்டர்கள் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். நிஜமாகத்தான்.

முதலில் மற்ற வலிகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். பித்தப்பைக் கல்: பிரியாணி மாதிரி கொழுப்பாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், தோள்பட்டை வரை போகலாம். கணைய அழற்சி: மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அல்சர்: மேல்வயிற்றில் எரிச்சல். ஆனால் மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது நம் ஹீரோ. குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ்.

(திரையில்: வயிற்றின் படம், தொப்புளைச் சுற்றி சிவப்பு வட்டம்)

குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் அது வீங்கத் தொடங்கும்போது வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தெரியும். வேடிக்கையாக இல்லை? குடல்வாலிலிருந்து வரும் வலியும் தொப்புள் பக்கத்துத் தோலின் உணர்வும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நுழைகின்றன. நாலு குடித்தனத்துக்கும் ஒரே காலிங் பெல் இருந்தால் யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார் என்று எப்படித் தெரியும்? மூளை தோராயமாகத் தொப்புளைக் கைகாட்டிவிடுகிறது.

அப்புறம் பசி போகும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் வரும். சில மணி நேரத்தில் வீக்கம் முற்றி, வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் சவ்வைத் தொடும். அந்தச் சவ்வின் நரம்புகள் படு துல்லியம். வலி கீழே வலப்பக்கம் இறங்கி, ஒரே இடத்தில் குத்தும். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் குறித்துக் கொடுத்த புள்ளி அது.

சவ்வு புண்பட்டிருப்பதால் குலுங்கினாலே உயிர் போகும். இருமினால் வலி, குதித்தால் வலி. இங்கேதான் வேகத்தடை வருகிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், குடல்வால் அழற்சியோ என்ற சந்தேகத்தோடு, வேகத்தடை தாண்டி வந்த 64 பேரிடம் வழியில் வலி கூடியதா என்று கேட்டார்கள். அவர்களில் 34 பேருக்குக் குடல்வால் அழற்சி உறுதியானது. அந்த 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் வலி கூடியிருந்தது! 2012-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த இந்த ஆய்வுக்கு 2015-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. நம் ஊரில் செய்தால் வேகத்தடை எது, ரோட்டுப் பள்ளம் எது என்று பிரிக்கவே தனிக் குழு போட வேண்டியிருக்கும்.

ஆனால் வலித்தால் அப்பெண்டிக்ஸ்தான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது இல்லாத 30 பேரில் 21 பேருக்கும் வலித்தது. வலிக்கவே இல்லை என்றால்தான் டாக்டருக்குக் கொஞ்சம் நிம்மதி. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த வரிசையெல்லாம் மாறும்.

கமெண்டில் ஸ்கேன் ரிப்போர்ட் போடாதீர்கள், நான் டாக்டர் இல்லை. லைக் மட்டும் போடுங்கள், அதற்கு ஸ்கேன் தேவையில்லை.

வலி இடம் மாறிக் கீழே இறங்கினால் விளக்கெண்ணெய் வேண்டாம், எனிமா வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் எதையும் சாப்பிடாமல் கிளம்புங்கள். வழியில் வலி சட்டென்று குறைந்தாலும் வண்டியைத் திருப்பாதீர்கள். குடல்வால் வெடித்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் சுகமாக இருக்கும்.