பார்த்ததை எழுதட்டும் பிள்ளைகள்

ஆசிரியப் பெருமக்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நாம் கூடியிருக்கும் இந்தத் தேரூரில்தான் 1876ஆம் ஆண்டு கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். பிள்ளைகளுக்காகப் பாட்டெழுதிய அந்தப் பெருமகன் பிறந்த ஊரின், பறவைகள் வந்து கூடும் குளம், சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து, 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பாட்டும் பறவையும் ஒரே ஊரில் இப்படி வாய்த்திருந்தும், இயற்கையைப் பற்றிக் கவிதை எழுதச் சொன்னால், "நிலவே நீ அழகு, மலரே நீ மணம்" என்றுதான் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்கள் நிலவைப் பார்த்து எழுதவில்லை. முன்பு படித்த பாட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். தலைப்பைக் கொடுத்துவிட்டு, பார்ப்பதற்கு நேரம் கொடுக்காத நம்முடைய குறை அது.

குறுந்தொகையில் கபிலர் பாடிய தலைவியை நினைத்துப் பாருங்கள். தலைவன் தன்னை மறைவாக மணந்த நாளில் உடனிருந்தது குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்று மட்டுமே, அவன் அதை மறுத்தால் என்ன செய்வது என்று கலங்கும் அவள், அதன் கால்கள் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்ததையும், ஓடும் நீரில் வரும் ஆரல் மீனையே அது பார்த்து நின்றதையும் சேர்த்துச் சொல்கிறாள். குருகின் கண் மீன்மேல் இருந்தது. ஆகவே அது சாட்சி சொல்ல வராது. பறவை இரைதேடும் விதத்தைக் கூர்ந்து பார்த்திராத ஒருவரால் அந்தத் துயரத்தை இப்படிச் சொல்லியிருக்க முடியுமா? இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் கற்பனை வற்றிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் மகளுக்கு, அப்பா ஏன் விடிவதற்கு முன்பே எழுந்து போகிறார் என்ற கேள்வி வீட்டிலேயே இருக்கிறது. இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் வெளியேறாததால் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏறினால் அது தளர்ந்து பால் ஒழுகுவது குறைகிறது. இதை அறிந்த சிறுமி, "இரவெல்லாம் நீரைச் சேர்த்துவைத்து அப்பாவுக்காக மரம் காத்திருந்தது" என்று எழுதினால், அது அறிவியலும் ஆகும், கவிதையும் ஆகும். பால் விழும் சிரட்டையை அவள் சிரட்டை என்றே எழுதட்டும். அதைக் கொட்டாங்கச்சி என்று நாம் திருத்த வேண்டியதில்லை.

சித்திரைப் பௌர்ணமி மாலையில் ஒருபுறம் கதிரவன் மறைவதையும் மறுபுறம் முழுநிலவு எழுவதையும் காணக் கன்னியாகுமரியில் கூட்டம் திரளுகிறது. முழுநிலவு நாளில் அவ்விரண்டுக்கும் நடுவே பூமி இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். தான் நடுவில் நிற்பதை உணர்ந்த பிள்ளைக்கு முதல் வரியை நாம் எடுத்துக்கொடுக்க வேண்டியிராது.

எதுகையும் மோனையும் நம் மொழியின் செல்வங்கள். அவற்றைப் பிறகு கற்பிக்கலாம். பிள்ளை எழுதிவந்த வரியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இதை நீ பார்த்தாயா, மக்களே?" என்பதுதான்.

பள்ளிகளிலிருந்து தேரூர்க் குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைக்கே கவிதை கேட்காதீர்கள். ஒரு நாரை எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவிதையை மறுநாள் கேளுங்கள்.